உயர் இரத்த அழுத்த எலிகளில் காணும் வளர்சிதை மாற்றம்: காரணமா, விளைவா?

கேள்வி
எழுதியவர்: வைகறை

அனைவருக்கும் வணக்கம். நான் உயிர்வேதியியல் முதுநிலை இரண்டாம் ஆண்டில் படிக்கிறேன். மருந்தோ அறுவையோ இல்லாமல் பிறப்பு வழியாகவே உயர் இரத்த அழுத்தத்திற்கு ஆளாகும் எலி வகை ஒன்று உண்டு. ஆய்வகங்களில் அதை எஸ்.எச்.ஆர். என்று சுருக்கிச் சொல்வார்கள். அந்த எலிகளில் காணப்படும் வளர்சிதை மாற்றங்களைப் பற்றிப் பருவ இறுதிக்குள் ஒரு திறனாய்வுக் கட்டுரை எழுத வேண்டியிருக்கிறது.

படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது. இந்த எலிகளின் உடல் இன்சுலினுக்குச் சரியாக இணங்குவதில்லை, இரத்தத்தில் ட்ரைகிளிசரைடு மிகுந்திருக்கிறது என்று சில கட்டுரைகள் சொல்கின்றன. இதயத் தசை கொழுப்பு அமிலத்தைக் குறைத்துக்கொண்டு குளுக்கோஸை அதிகமாக எடுத்துக்கொள்கிறது என்று வேறு சில சொல்கின்றன. உறுப்புகள் எரிபொருளை எடுத்துக்கொள்வதைப் படம்பிடிக்கும் பெட் ஸ்கேன் மூலம் இளம் எலிகளை மாதக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வில், இதயச் சுவர் தடிப்பதற்கு முன்பே இந்த எரிபொருள் மாற்றம் தென்பட்டதாகக் காட்டியிருக்கிறார்கள். முன்னால் வருவது காரணம், பின்னால் வருவது விளைவு என்று வைத்துக்கொண்டு, வளர்சிதை மாற்றமே நோயின் வேர் என்று எழுதினேன். என் நெறியாளர் அதை ஏற்கவில்லை. முந்தி வந்தது என்பது மட்டும் சான்றாகாது, இரண்டையும் பிரித்துப் பார்த்த சோதனை ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொன்னார்.

அப்படிப்பட்ட சோதனைகள் எவை? மேலும், சாதாரண எலிக்கு ஃப்ரக்டோஸ் மிகுந்த உணவைக் கொடுத்தாலே அழுத்தம் உயர்கிறது என்று எல்லா இடத்திலும் மேற்கோள் காட்டுகிறார்களே, அது ஒன்றே வளர்சிதை மாற்றம் முதலில் வருகிறது என்பதற்குப் போதாதா? துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி
எழுதியவர்: தழல்

வணக்கம் வைகறை. உங்கள் நெறியாளர் கேட்டது மிகச் சரியான கேள்வி. காரணமா, விளைவா என்று இரண்டே வழிகளை வைத்துக்கொண்டு தேடினால் இந்த எலி விஷயத்தில் நீங்கள் வழி தவறக்கூடும். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. அழுத்தமும் வளர்சிதைக் கோளாறும் ஒன்றையொன்று உண்டாக்காமல், ஒரே எலிக் குடும்பத்தில் அருகருகே பிறப்புரிமையாக வந்து சேர்ந்திருக்கலாம். எஸ்.எச்.ஆர். எலியில் உண்மையிலேயே அப்படி ஒன்று நடந்திருக்கிறது என்பதால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

இந்த எலி எப்படி வந்தது என்று பாருங்கள். ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் ஒக்கமோட்டோவும் ஆவோக்கியும் விஸ்டார் கியோட்டோ எலிக் கூட்டத்திலிருந்து அழுத்தம் 145 முதல் 175 மி.மீ. வரை இருந்த ஓர் ஆண் எலியையும், 130 முதல் 140 மி.மீ. வரை இருந்த ஒரு பெண் எலியையும் இணைசேர்த்தார்கள். அதன் பிறகு தலைமுறைதோறும் அழுத்தம் மிகுந்த குட்டிகளையே தேர்ந்தெடுத்து உடன்பிறப்புகளுக்குள் இணைசேர்த்து, 1963 இல் அந்த வகையை வெளியிட்டார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது அழுத்தத்தை மட்டுமே. ஆனால் உடன்பிறப்புகளுக்குள் இணைசேர்க்கும்போது, அழுத்தத்தோடு எந்தத் தொடர்பும் இல்லாத மரபணுக்களும் ஏதாவது ஒரு வடிவில் நிலைபெற்றுவிடும். ஆகவே இந்த எலியில் காணும் ஒவ்வொரு மாறுபாட்டையும் அழுத்தத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

1999 இல் எய்ட்மனும் உடனாய்வாளர்களும் இந்த எலியின் நான்காம் குரோமோசோமில் சிடி36 என்ற மரபணு பழுதுபட்டிருப்பதைக் கண்டார்கள். நீண்ட சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் செல்லுக்குள் நுழைய உதவும் புரதத்தை ஆக்குவது அந்த மரபணு. அது இல்லாவிட்டால் இதயத் தசையும் எலும்புத் தசையும் கொழுப்புத் திசுவும் கொழுப்பு அமிலத்தைச் சரியாக இழுத்துக்கொள்ள முடியாது. இரத்தத்தில் கொழுப்பு தேங்கும், இன்சுலினின் வேலை கெடும், இதயம் வேறு வழியில்லாமல் குளுக்கோஸை நாடும். நீங்கள் பட்டியலிட்ட மூன்று மாற்றங்களுக்கும் இந்த ஒரு பழுதே பெரும்பாலும் விடை சொல்லிவிடுகிறது, அழுத்தத்தின் துணையே தேவையில்லை.

இதற்கு அடுத்து வந்த செய்திதான் என்னைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. அதே 1999 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், ஜப்பானிலேயே தங்கிவிட்ட மூல எஸ்.எச்.ஆர். எலிகளைச் சோதித்துப் பார்த்தபோது, அவற்றில் சிடி36 பழுது இல்லவே இல்லை என்று கண்டார்கள். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்துக்கு 1960களில் அனுப்பப்பட்டு அங்கிருந்து பெருகிய கிளையில்தான் அந்தப் பழுது இருந்தது. இரு கிளைகளிலும் அழுத்தம் உயர்கிறது. அப்படியானால் இந்தப் பழுது இல்லாமலும் எஸ்.எச்.ஆர். எலிக்கு உயர் அழுத்தம் வரும் என்பது உறுதி. பெட் ஸ்கேன் ஆய்வுகள் பலவற்றில் பயன்படும் எலிகள் அமெரிக்கக் கிளையைச் சேர்ந்தவை. இதயம் முதலிலேயே குளுக்கோஸை அதிகம் எடுத்துக்கொண்டது என்று படிக்கும்போது, அது அழுத்தத்தை எதிர்கொள்ள இதயம் செய்துகொண்ட ஏற்பாடா, கொழுப்பு அமிலக் கதவு பிறவியிலேயே பழுதானதன் பலனா என்று கேட்காமல் மேலே செல்ல முடியாது.

ஹஜ்ரியும் உடனாய்வாளர்களும் 2001 இல் செய்த சோதனை இந்தக் கேள்விக்கு நேராகவே விடை தேடியது. சிடி36 இன் உதவி இல்லாமலேயே செல்லுக்குள் செல்லக்கூடிய குறுகிய, நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் நிறைந்த உணவை இந்த எலிகளுக்குக் கொடுத்தார்கள். இன்சுலின் மிகுதியும் இதயத் தடிப்பும் தணிந்தன. இதயத் தடிப்பில் எரிபொருள் பற்றாக்குறைக்கு நேரடிப் பங்கு இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை. ஆனால் கவனியுங்கள், இது தடிப்பைப் பற்றிய சான்று. அழுத்தம் ஏன் உயர்ந்தது என்பதற்கான சான்று அன்று. உங்கள் கட்டுரையில் இவ்விரண்டும் ஒன்றோடொன்று கலந்துவிட்டிருக்கின்றன என்று நினைக்கிறேன்.

கால வரிசையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த எலிகளுக்கு ஆறு, ஏழு வாரத்திலேயே அழுத்தம் ஏறத் தொடங்கிவிடும். மூன்று மாதத்துக்குள் 180 மி.மீ. அளவைத் தொட்டுவிடும். இரண்டு மாத எலியின் இதயத்தில் எரிபொருள் மாற்றம் தெரிந்தது என்றால், அது தடிப்புக்கு முந்தியதாக இருக்கலாம், ஆனால் அழுத்தத்துக்கு முந்தியது ஆகாது. அந்த இதயம் ஏற்கெனவே சில வாரங்களாகக் கூடுதல் சுமையைத் தாங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மரபுப் பழுது ஏதும் இல்லாத எலியின் பெருந்தமனியை நூலால் இறுக்கி இதயத்தின் சுமையைக் கூட்டினாலும், கொழுப்பு அமிலத்திலிருந்து குளுக்கோஸை நோக்கி அதே மாற்றம் வருகிறது. வளர்ந்த இதயம் தன் ஆற்றலில் பாதிக்கு மேல் கொழுப்பு அமிலத்திலிருந்து பெறுவது. ஆனால் செலவாகும் ஆக்சிஜனைக் கணக்கிட்டால் குளுக்கோஸ்தான் சற்றுக் கூடுதலாக ஆற்றல் தருகிறது. சுமை கூடிய இதயம் கருவில் இருந்தபோது பின்பற்றிய பழக்கத்துக்குத் திரும்புவதில் ஒரு பொருள் இருக்கிறது. ஆகவே சுமை மட்டுமே இருந்தாலும் இந்த மாற்றம் வரும், மரபுப் பழுது மட்டுமே இருந்தாலும் வரும். எஸ்.எச்.ஆர். எலியின் அமெரிக்கக் கிளையில் இரண்டுமே இருக்கின்றன.

அழுத்தமும் தடிப்பும்கூட ஒன்றையொன்று கட்டாயமாகப் பின்தொடர்வதில்லை. 1974 இல் கிளீவ்லாந்தில் சென்னும் உடனாய்வாளர்களும் இதே எலிகளுக்கு அழுத்தம் குறைக்கும் மருந்தான மெத்தில்டோப்பா கொடுத்தபோது இதயத் தடிப்பு குறைந்தது. ஹைட்ரலசின் என்ற மற்றொரு மருந்து அழுத்தத்தைக் குறைத்தபோதிலும் தடிப்பைக் குறைக்கவில்லை. பழைய ஆய்வுதான், ஆனாலும் உங்கள் நெறியாளர் கேட்கும் 'பிரித்துப் பார்த்த சோதனை'க்கு நல்ல முன்மாதிரி.


மறுமொழி
எழுதியவர்: நெய்தல்

தழல் எழுதியதை அப்படியே ஏற்கிறேன். ஃப்ரக்டோஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள்; அந்தச் சோதனையில் பல ஆண்டுகள் ஈடுபட்டவன் என்ற முறையில் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் குறிப்பிடுவது ஸ்டான்ஃபோர்டில் ரீவனின் குழு 1987 இல் வெளியிட்ட ஆய்வு. எந்த மரபுக் கோளாறும் இல்லாத ஸ்பிராக் டாலி எலிகளுக்கு, ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஃப்ரக்டோஸிலிருந்து கிடைக்கும்படி உணவைக் கொடுத்தார்கள். இரண்டு வாரங்களில் இன்சுலினும் ட்ரைகிளிசரைடும் உயர்ந்தன. சுருங்கழுத்தம் (இதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம்) 124 இலிருந்து 145 மி.மீ. ஆயிற்று. அடுத்த ஆண்டு ரீவன் ஆற்றிய பான்டிங் உரையில் இன்சுலின் எதிர்ப்பையும் உயர் அழுத்தத்தையும் கொழுப்புக் கோளாறையும் ஒரே கூட்டமாகச் சேர்த்து 'எக்ஸ் கூட்டறிகுறி' என்று பெயரிட்டபோது, அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்த எலிச் சோதனைகளில் இதுவும் ஒன்று.

ஆனால் அந்த ஆய்வின் இரண்டாம் பகுதியைப் பலர் படிப்பதே இல்லை. குடிநீரில் குளோனிடின் கலந்து கொடுத்தார்கள். அது மூளையிலிருந்து இறங்கும் பரிவு நரம்புத் தூண்டலைத் தணிக்கும் மருந்து. ஃப்ரக்டோஸ் உண்ட எலிகளில் அழுத்தம் ஏறாமல் நின்றது, ஆனால் இன்சுலினும் ட்ரைகிளிசரைடும் முன்போலவே உயர்ந்தன. அதாவது, வளர்சிதைக் கோளாறு முழுமையாக இருக்கும்போதே அழுத்தத்தைத் தடுத்துவிட முடிந்தது. இரண்டுக்கும் நடுவில் பரிவு நரம்பு ஒரு பாலமாக நிற்கிறது. பாலத்தை அகற்றினால் ஒரு கரையில் நடப்பது மறுகரைக்குப் போவதில்லை. இது வளர்சிதை மாற்றம் காரணமாக முடியாது என்று மெய்ப்பிக்கவில்லை. தன்னந்தனியாக அது போதாது என்று மட்டும் மெய்ப்பிக்கிறது.

இதைவிடக் கடினமான சிக்கல் அளவிடும் முறையில் இருக்கிறது. எலியின் அழுத்தத்தை வெகுகாலம் வாலில் பட்டை கட்டித்தான் அளந்தார்கள். எலியைக் குறுகிய குழாய்க்குள் அடைத்து, வாலில் இரத்தம் ஓட வேண்டும் என்பதற்காகச் சூடேற்றி, பட்டையை இறுக்கி அளப்பது அந்த முறை. எவ்வளவு பழக்கினாலும் எலிக்கு அது அச்சமும் நெருக்கடியும் தருவதே. பின்னர் உடலுக்குள் சிறு கருவியைப் பொருத்தி, கூண்டில் தன்போக்கில் உலவும் எலியின் அழுத்தத்தை இரவும் பகலும் தொலைவிலிருந்தே பதிவுசெய்யும் டெலிமெட்ரி வந்தது. 2005 இல் டி'ஆஞ்செலோவும் உடனாய்வாளர்களும் அந்த முறையில் ஸ்பிராக் டாலி எலிகளை அளந்தபோது, ஃப்ரக்டோஸ் உணவால் இன்சுலின் எதிர்ப்பு வந்தது, அழுத்தம் உயரவில்லை என்று எழுதினார்கள்.

இரு ஆய்வுகளில் எது சரி என்று கேட்காதீர்கள். இரண்டும் அளந்ததைத்தான் எழுதின. அமைதியாக இருக்கும் ஃப்ரக்டோஸ் எலிக்கும் சாதாரண எலிக்கும் அழுத்தத்தில் வேறுபாடு இல்லை, அடைபட்டு அஞ்சும்போது மட்டும் ஃப்ரக்டோஸ் எலியின் அழுத்தம் கூடுதலாக எகிறுகிறது என்று வைத்துக்கொண்டால் இரண்டும் பொருந்துகின்றன, குளோனிடின் ஏன் வேலை செய்தது என்பதும் புரிகிறது. இது என் கருத்து மட்டுமே. உங்கள் கட்டுரையில் மெய்ப்பிக்கப்பட்டதாக எழுத வேண்டாம். ஆனால் ஒவ்வோர் ஆய்வையும் அட்டவணையில் சேர்க்கும்போது, அழுத்தத்தை எப்படி அளந்தார்கள் என்பதற்கு ஒரு தனி நெடுவரிசை கட்டாயம் வையுங்கள். உணவு என்ன, எத்தனை வாரம் என்பதைவிட அது முக்கியம் என்றே சொல்வேன்.

ஃப்ரக்டோஸிலிருந்து அழுத்தத்துக்குப் போகும் மற்றொரு வழியாக யூரிக் அமிலத்தைச் சொல்வார்கள். எலியின் கல்லீரலில் யூரிக்கேஸ் என்ற நொதி இருப்பதால் அதன் இரத்தத்தில் யூரிக் அமிலம் குறைவு. மனிதருக்கு அந்த நொதி இல்லை. 2001 இல் மசாலியும் ஜான்சனும் மற்றவர்களும் அந்த நொதியை ஆக்சோனிக் அமிலத்தால் தடுத்து எலியின் யூரிக் அமிலத்தை மிதமாக உயர்த்தினார்கள். அழுத்தமும் உயர்ந்தது, யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோப்பியூரினால் மருந்தைக் கொடுத்தபோது அது தடுக்கப்பட்டது. ஒரு வளர்சிதைப் பொருளை மட்டும் மாற்றி அழுத்தத்தை மாற்றிய சோதனை என்ற அளவில் இது உங்கள் வாதத்துக்கு உதவும்.


மறுமொழி
எழுதியவர்: மருதம்

நான் சிறுநீரக மருத்துவன். எலி ஆய்வு என் தொழில் அல்ல, ஆனால் எலியில் கண்டதை நோயாளிக்குப் பொருத்தும் இடத்தில் நிற்பவன் என்பதால் ஒரு சிறு எச்சரிக்கையை மட்டும் சேர்க்கிறேன்.

இன்சுலின் மிகுந்தால் சிறுநீரகம் உப்பைத் தேக்கிவைக்கும், அதனால் அழுத்தம் உயரும் என்ற விளக்கம் பாடநூல்களில் அழகாகப் பொருந்திவிடும். மிசிசிப்பியில் ஹாலும் பிராண்ட்ஸும் இதை நேராகவே சோதித்தார்கள். எலிக்கு நாள்கணக்கில் தொடர்ந்து இன்சுலினைச் செலுத்தியபோது அழுத்தம் உயர்ந்தது. நாய்க்கு அதையே செய்தபோது உயரவில்லை. ஆனால் நாய்க்குக் கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்து உடல் பருக்கவைத்தால் அழுத்தம் உயர்கிறது. அப்படியானால் உடல் பருமன் அழுத்தத்தை உயர்த்துவது உண்மை, ஆனால் இன்சுலின் மட்டும் அதற்குப் பொறுப்பேற்க முடியாது. மனிதரிடம், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் கட்டி இருப்பவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் இன்சுலின் மிகுந்திருந்தும் அதனால் உயர் அழுத்தம் வருவது வழக்கமன்று; இந்த ஒரு செய்தியில் நாம் எலியைவிட நாய்க்கு நெருங்கியவர்களாகத் தெரிகிறோம்.

எஸ்.எச்.ஆர். எலி பருத்த எலி அன்று என்பதையும் மறக்க வேண்டாம். ஒல்லியான எலியின் இன்சுலின் எதிர்ப்பை எடுத்து, பருத்த நடுவயது மனிதரின் இன்சுலின் எதிர்ப்போடு ஒன்றாக வைத்து எழுதும் கட்டுரைகளை நிறையப் பார்க்கிறேன். அவற்றைப் படித்துவிட்டு நோயாளிகள் என்னிடம் வந்து கேட்கும் கேள்விகள் மனத்தை வருத்துகின்றன.


தொடர் கேள்வி
எழுதியவர்: வைகறை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சிடி36 பற்றியும் வால் அளவீட்டைப் பற்றியும் நான் எழுதியிருந்த பகுதியை முற்றிலும் மாற்றி எழுதப் போகிறேன்.

இரண்டு ஐயங்கள் மிஞ்சுகின்றன. முதலாவது, இவ்வளவு எச்சரிக்கையும் கடந்து, வளர்சிதை மாற்றம்தான் அழுத்தத்துக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்லத்தக்க எலி ஏதாவது இருக்கிறதா? இரண்டாவது, எஸ்.எச்.ஆர். எலியை எல்லோரும் விஸ்டார் கியோட்டோ எலியோடுதான் ஒப்பிடுகிறார்கள். அந்த ஒப்பீட்டை நான் நம்பலாமா?


மறுமொழி
எழுதியவர்: தழல்

முதல் ஐயத்துக்கு விடை, இருக்கிறது. அதைத் தேட இதயத்தை விட்டுச் சிறுநீரகத்துக்குப் போக வேண்டும். அழுத்தத்தின் வேர் எங்கே என்பதைச் சிறுநீரக மாற்று அறுவைகள் முன்பே காட்டிவிட்டன: உயர் அழுத்த எலியின் சிறுநீரகத்தைச் சாதாரண எலிக்குப் பொருத்தினால் அழுத்தமும் அதோடு கூடவே வருகிறது. 1970களில் டால் தன் எலிகளில் இதைக் காட்டினார், எஸ்.எச்.ஆர். எலியிலும் பின்னர் காட்டப்பட்டது.

டால் எலி என்பது நியூயார்க்கிலுள்ள புரூக்ஹேவன் ஆய்வகத்தில் லூயிஸ் டால் 1962 இல் ஸ்பிராக் டாலி எலிகளிலிருந்து பிரித்தெடுத்த வகை. உப்பு மிகுந்த உணவைக் கொடுத்தால் ஒரு கிளைக்கு அழுத்தம் வேகமாக ஏறும், மற்றொரு கிளைக்கு ஏறாது. விஸ்கான்சின் மருத்துவக் கல்லூரியில் கௌலியும் லியாங்கும் மற்றவர்களும் இந்த உப்புணர் எலியின் பதின்மூன்றாம் குரோமோசோமை மட்டும் எடுத்துவிட்டு, அதனிடத்தில் பிரௌன் நார்வே என்ற வேறொரு வகையின் குரோமோசோமைப் பொருத்தி ஓர் எலியை உருவாக்கினார்கள். மற்ற எல்லாக் குரோமோசோம்களும் ஒன்றுபோலவே இருக்க, அந்த எலிக்கு உப்பால் ஏறும் அழுத்தம் பெருமளவு குறைந்துவிட்டது. ஒப்பீட்டுக்கு இவ்வளவு தூய்மையான இணை எஸ்.எச்.ஆர். உலகில் எளிதில் கிடைக்காது.

இரு எலிகளின் சிறுநீரகத்தையும் ஒப்பிட்டபோது, ஃபியூமரேஸ் என்ற நொதியின் செயல்திறன் உப்புணர் எலியில் குறைந்திருப்பது தெரிந்தது. மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கும் சிட்ரிக் அமிலச் சுழற்சியில் ஃபியூமரேட்டை மாலேட்டாக மாற்றும் நொதி அது. அதன் மரபணு இருப்பதும் அந்தப் பதின்மூன்றாம் குரோமோசோமில்தான். இதுவரை வெறும் உடனிகழ்வு என்று சொல்லிவிடலாம். ஆனால் அவர்கள் அங்கே நிற்கவில்லை. அழுத்தம் ஏறாத அந்த எலியின் இரத்தத்தில் ஃபியூமரேட்டாக மாறும் பொருளைச் செலுத்தினார்கள்; உப்பால் ஏறும் அழுத்தம் கூடியது, சிறுநீரகத்தின் உட்பகுதியில் ஹைட்ரஜன் பெராக்சைடும் மிகுந்தது. இது 2009 இல் வெளிவந்தது. பிறகு உப்புணர் எலிக்கே ஃபியூமரேஸ் மரபணுவைக் கூடுதலாகப் புகுத்தி நொதியின் அளவை உயர்த்தினார்கள், அழுத்தம் தணிந்தது. அது 2017 இல் வெளிவந்தது. மாலேட்டிலிருந்து அர்ஜினினும் அதிலிருந்து இரத்தக் குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடும் உருவாவது கூடுகிறது என்ற விளக்கத்தையும் அந்தக் குழுவே முன்வைத்தது. ஒரு பொருளைக் கூட்டினால் அழுத்தம் ஏறுகிறது, அதைக் கரைக்கும் நொதியைக் கூட்டினால் அழுத்தம் இறங்குகிறது என்று இரு திசையிலும் காட்டிவிட்டார்கள். உங்கள் நெறியாளர் கேட்கும் சான்று இந்த வடிவில்தான் இருக்க வேண்டும்.

டால் எலியிலேயே டொலீடோ பல்கலைக்கழகத்தில் பீனா ஜோவின் குழு 2018 இல் வெளியிட்ட ஆய்வையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பு மிகுந்த உணவால் இரத்தத்தில் பீட்டா ஹைட்ராக்சிபியூட்டிரேட் குறைகிறது. அது கல்லீரல் ஆக்கும் கீட்டோன் பொருள். அதற்கு முன்னோடியான பியூட்டேன்டையால் கொடுத்து அதை ஈடுசெய்தபோது அழுத்தமும் சிறுநீரக அழற்சியும் தணிந்தன. உப்பு என்றால் நீரைத் தேக்கும், அவ்வளவுதான் என்று படித்த எனக்கு, உப்பு கல்லீரலின் எரிபொருள் கணக்கையே மாற்றுகிறது என்பது பெரும் வியப்பாக இருந்தது.

சிடி36 ஐயும் இந்த இடத்தில் மறுபடி பார்க்க வேண்டும். 2001 இல் பிராவெனெட்ஸ் குழு பழுதில்லாத மரபணுவை எஸ்.எச்.ஆர். எலிக்குள் புகுத்தி இன்சுலின் எதிர்ப்பைத் தணித்தது. அதே குழு 2008 இல் சிறுநீரக மாற்றுச் சோதனைகளையும் சேர்த்துச் செய்து, சிறுநீரகத்தில் சிடி36 குறைவது அழுத்தத்தைக் கூட்டும் காரணங்களில் ஒன்று என்று காட்டியது. முதல் மறுமொழியில் நான் சொன்னதோடு இது முரண்படவில்லை. அந்தப் பழுது இல்லாமலும் அழுத்தம் வரும். பழுது இருந்தால் அது அழுத்தத்துக்குத் தன் பங்கையும் சேர்க்கும். தசையிலும் கொழுப்பிலும் அது செய்வது ஒன்று, சிறுநீரகத்தில் செய்வது மற்றொன்று. 'வளர்சிதை மாற்றம்' என்று பொதுவாக எழுதாமல், எந்த உறுப்பில் எந்த மாற்றம் என்று ஒவ்வொரு முறையும் குறிப்பிட்டு எழுதினால் உங்கள் கட்டுரையின் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

இரண்டாவது ஐயத்துக்கு வருகிறேன். விஸ்டார் கியோட்டோ எலியை முழுமையாக நம்ப வேண்டாம். எஸ்.எச்.ஆர். எலியின் மூதாதையர் கூட்டத்திலிருந்து வந்ததுதான் அது. ஆனால் எஸ்.எச்.ஆர். நிலைபெற்ற பிறகே அதைத் தனி வகையாக வளர்த்தார்கள், அதுவும் உட்கலப்பு முழுமையாகும் முன்பே பல வளர்ப்பகங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே ஒரு நிறுவனத்தின் விஸ்டார் கியோட்டோ மற்றொரு நிறுவனத்தின் விஸ்டார் கியோட்டோவைப் போல் இருப்பதில்லை. கர்ட்ஸும் மோரிஸும் 1987 லேயே இதை எடுத்துக்காட்டி எச்சரித்தார்கள். அந்த எலி இயல்பாகவே சுறுசுறுப்புக் குறைந்தது, மனச்சோர்வு ஆய்வுகளுக்கே அதைப் பயன்படுத்துகிறார்கள். அசைவு குறைந்த எலியையும் ஓயாமல் ஓடியாடும் எஸ்.எச்.ஆர். எலியையும் நிறுத்தி வைத்து குளுக்கோஸ் பயன்பாட்டை ஒப்பிட்டால், வேறுபாட்டில் எவ்வளவு அழுத்தத்தால் வந்தது, எவ்வளவு நடத்தையால் வந்தது என்று பிரிக்க இயலாது. 1992 இல் ஒரு குழு எஸ்.எச்.ஆர். எலி குளுக்கோஸைச் சாதாரண எலியைவிட நன்றாகவே கையாளுகிறது என்று எழுதியதை, இன்சுலின் எதிர்ப்பு உண்டு என்ற கட்டுரைகளோடு பக்கத்தில் வைத்துப் படியுங்கள். எந்தக் கிளை, எந்த ஒப்பீட்டு எலி, என்ன வயது என்று பார்த்தால் இந்த முரண்பாட்டின் ஒரு பகுதியாவது விளங்கும்.

ஆகவே, விஸ்டார் கியோட்டோவோடு சாதாரண விஸ்டார் அல்லது ஸ்பிராக் டாலி எலியையும் இரண்டாம் ஒப்பீடாக வைத்த ஆய்வுகளுக்குக் கூடுதல் எடை கொடுங்கள். அழுத்தம் ஏறுவதற்கு முன்பான நான்கு வார வயதில் ஒரு முறையாவது அளந்த ஆய்வுகளுக்கும் அப்படியே. ஹாரப்பின் குழு அழுத்தம் குறைக்கும் மருந்தான பெரிண்டோப்ரிலை ஆறு முதல் பத்து வார வயது வரை மட்டும் கொடுத்து நிறுத்தியபோது, அதன் பிறகும் எஸ்.எச்.ஆர். எலிகளின் அழுத்தம் நெடுநாள் தாழ்ந்தே இருந்தது. அத்தகைய எலியில் அழுத்தம் ஏறாத நிலையிலும் இதயத்தின் எரிபொருள் மாற்றம் வருகிறதா என்று பார்ப்பது, நீங்கள் முதலில் கேட்ட கேள்விக்கு மிக நேரான சோதனையாக இருக்கும்.


மறுமொழி
எழுதியவர்: நெய்தல்

தழல் கடைசியாகச் சொன்னதோடு ஒரு செய்முறைக் குறிப்பு. கட்டுரைகளின் செய்முறைப் பகுதியில் எலியின் பெயருக்குப் பின்னால் சாய்கோடிட்டு ஒரு சுருக்கெழுத்து இருக்கும். அதுதான் எந்த வளர்ப்பகத்தின் கிளை என்பதைச் சொல்வது. 'இசட்.எம்.' என்ற எழுத்துகளில் முடிவது ஜப்பானின் இசுமோ கிளை, சிடி36 பழுது இல்லாதது. 'என்.சி.ஆர்.எல்.' என்பது அமெரிக்க நலவாழ்வு நிறுவனத்தின் எலிகளிலிருந்து சார்ல்ஸ் ரிவர் நிறுவனம் பெருக்கிய கிளை, பழுது உள்ளது. இந்த எழுத்துகளைக் குறிப்பிடாமல் வெறுமனே எஸ்.எச்.ஆர். என்று எழுதிய ஆய்வுகளும் நிறைய உண்டு. இதயம் கொழுப்பு அமிலத்தை எப்படிக் கையாளுகிறது என்பதே உங்கள் தலைப்பாக இருந்தால், அந்த ஆய்வுகளை முதன்மை அட்டவணையில் சேர்க்காமல் தனியாக வையுங்கள். வாங்கிய வளர்ப்பகத்தின் பெயர் கொடுத்திருந்தால் அதைக் கொண்டு பெரும்பாலும் கிளையைக் கண்டுபிடித்துவிடலாம். அதுவும் இல்லையென்றால் தொடர்புக்குரிய ஆசிரியருக்கு எழுதிக் கேளுங்கள்.